முழங்கைக்கு எடுத்த கழுத்துப் படம்

போன மாதம் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு வியாபாரத்தை ஒரே அலறலில் முடித்து வைத்தேன்.

என் தொழில் மிளகுத் தரகு. நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வோம். விரல் கூடினால் விலை கூடும். அன்று மிளகு வாங்க வந்த சேட்டு என் இரண்டு விரலை இறுக்கினார். வலது முழங்கையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல ஒரு வலி!

"யா அல்லா!" என்று கத்திவிட்டேன்.

சேட்டு மிரண்டு போனார். தான் சொன்ன விலை அவ்வளவு கேவலமா என்று நினைத்து, இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார். நல்ல விலை. பஜாரே என்னைப் பாராட்டியது. நானோ துண்டுக்கடியிலிருந்து கையை எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

வலித்தது எங்கே? முழங்கையில். புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? முழங்கையை ஒரு டாக்டரிடம் காட்டுவான். நான் மச்சானிடம் காட்டினேன்.

மச்சான் ஹனீபா என் மனைவி ஜமீலாவின் தம்பி. என் கூடவே தரகு செய்கிறான். தெரியாத விஷயம் என்று அவனுக்கு ஒன்றுமே கிடையாது — அதுதான் அவனுடைய வியாதி.

"கை வலி கையிலேர்ந்து வராது மச்சான். கழுத்தெலும்புலேர்ந்து வரும். ஆலப்புழையில ஒருத்தருக்கு இப்படித்தான் தொடங்கிச்சு..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இன்னாலில்லாஹி..."

சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தை! போதாதா எனக்கு? அந்த நிமிஷமே கழுத்தைத் திருப்புவதை நிறுத்தினேன். யாராவது கூப்பிட்டால் சாமி ரதம் மாதிரி முழு உடம்போடு திரும்பினேன். கொச்சி வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர். தலையணை இல்லாமல் படுத்துக்கொண்டு, நானில்லாத மிளகு மார்க்கெட் எப்படியெல்லாம் திண்டாடும் என்று யோசித்துக் கண் கலங்கினேன்.

ஜமீலாவுக்கு இரக்கம் என்பதே இல்லை. "கழுத்து ஒடிஞ்ச மனுஷன் மீன்சட்டிக்குள்ள மட்டும் எப்படிங்க எட்டிப் பாக்குறீங்க?" என்றாள்.

மறுநாள் நானும் ஹனீபாவும் காயலைத் தாண்டும் போட்டில் எறணாகுளம் போனோம். எக்ஸ்ரே எடுக்கிறவர், "எந்த டாக்டர் அனுப்பிச்சு?" என்று கேட்டார். ஹனீபா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் நின்ற தோரணையில் அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வலி முழங்கையில், படம் கழுத்துக்கு!

திரும்பியதும் அந்தப் படத்தைப் பஜாரில் காட்டினேனே, அதைத்தான் நினைக்க நினைக்க எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். மூட்டையில் குத்தூசியைக் குத்தி, ஒரு கைப்பிடி மிளகு எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, முழு மூட்டைக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். படத்துக்கும் அதே கதிதான். சாயாக்கடை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்தார்கள். கழுத்தெலும்புக்கு முன்னால் மேலிருந்து கீழே ஒரு கருப்புப் பட்டை. எலும்பு ஓரத்தில் கொக்கு மூக்கு மாதிரி சின்னச் சின்ன முனைகள்.

"ஐயையோ, கருத்துப் போயி!" என்றார் சாயாக்கடைக்காரர்.

"ஈரம் பிடிச்ச சரக்கு. உள்ளே பூஞ்சை ஏறியிருக்கு," என்றான் ஹனீபா.

மிளகைப் பற்றி அல்ல, வாசகர்களே. என்னைப் பற்றி!

அங்கேயே ஆபரேஷன் முடிவாயிற்று. மெட்ராஸுக்குப் போய்க் கழுத்தைக் கிழித்துப் பூஞ்சையைச் சுரண்ட வேண்டுமாம். பிழைத்தாலும் இந்தக் கை இனிமேல் மூட்டை தொடாதாம். தொடாவிட்டால் தரகு ஏது, சோறு ஏது? என் குத்தூசியை எடுத்து, செங்கோலை ஒப்படைக்கிற ராஜா மாதிரி ஹனீபா கையில் கொடுத்தேன். அவனும் அழுதான். அழுதுகொண்டே அது கூர்மையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"சாகறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரையாவது பாத்துட்டு சாவுங்க," என்று ஜமீலா மறுபடியும் போட்டில் ஏற்றிவிட்டாள்.

டாக்டர் வயதான மலையாளி. படத்தை ஜன்னலில் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டாக்டர், அந்தக் கருப்பு..."

"அது நிங்கள் சுவாசம் விடுகிற குழாய். படத்தில் எலும்பு வெளுப்பு, காற்று கருப்பு. அது கருப்பாக இல்லையென்றால் நிங்கள் போட்டு ஏறி வந்திருக்க மாட்டீர்கள்."

"எலும்பு ஓரத்தில் கொக்கு மூக்கு மாதிரி என்னவோ..."

"வயசு. இந்த வயசில் யாரைப் படம் எடுத்தாலும் கொஞ்சம் இருக்கும். வலியே இல்லாதவனுக்கும் இருக்கும். இது எலும்பின் படம் பாய், வலியின் படமல்ல."

படத்தை மேஜைமேல் போட்டார். என்னை மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி, தன் கையால் அழுத்தினார். பிறகு முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முனையில் ஒரு விரல் வைத்தார்.

"யா அல்லா!"

"இதுதான் இடம். என்ன வேலை?"

குத்தூசியை மூட்டையில் ஏற்றித் திருகி இழுப்பதைச் செய்து காட்டினேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதானே பிழைப்பு? டாக்டர் சிரித்தார். இதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயராம். டென்னிஸ் மட்டையை நான் தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. பெயரில் மட்டும் துரைமார் வியாதி!

கத்தி வேண்டாம் என்றார். ஊசியும் இப்போதைக்கு வேண்டாம். குத்துவதும் திருகுவதும் கொஞ்ச நாள் கூடாது. எதையும் உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி பிடித்துத் தூக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம், முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை, வலி தணிந்தபின் மணிக்கட்டுக்கு மெதுவாகப் பயிற்சி. "பொறுமை வேண்டும். அது மருந்துக்கடையில் கிடைக்காது," என்றார்.

இப்போது பாதிக்கு மேல் தேவலை. மஃப்ளரை ஜமீலா அடுப்பிலிருந்து சட்டி இறக்க வைத்துக்கொண்டாள்.

குத்தூசியைத் திருப்பி வாங்க இன்று காலை ஹனீபாவைத் தேடிப் போனேன். கேட்கும் முன்பே நீட்டினான் — இடது கையால். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கழுத்தில் கம்பளி மஃப்ளர்.

"முழங்கையா மாப்புள?"

"முழங்கைதான் வலிக்குது மச்சான். ஆனா விஷயம் கழுத்துல. பதினோரு மணி போட்டுக்கு எக்ஸ்ரேக்குப் போறேன்."

டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்க கழுத்து மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கருப்பென்றால் காற்று என்றாரே டாக்டர்... நல்லவேளை, எங்கள் இரண்டு பேருக்கும் கழுத்தோடு படம் நின்றுவிடுகிறது; அதற்கு மேலே தலையை எடுத்தால் மானம் போய்விடும்!