பைப் வாடை போக்கித் தரப்படும்

அடுத்தவன் வாடையைப் போக்குவதே தொழிலாக வைத்திருப்பவனுக்கு மரியாதை கம்மி, கோபம் ஜாஸ்தி. ஆம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் பர்ஸ், பெல்ட், ஹேண்ட்பேக் பழுது பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. கூடவே, புகையிலை பிடிக்கிற மரப் பைப்பைச் சுத்தம் செய்து, அதில் ஏறிப்போன நாற்றத்தை எடுத்துத் தருகிறேன். முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியில் பைப் வைக்கிற தோல் உறை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அளவுக்காக வந்த பழைய பைப்புகளை நாற்றம் தாங்காமல் நானே சுத்தம் செய்யப் போய், இந்த வேலை கையில் ஒட்டிக்கொண்டது.

கடை வைத்து ஜனங்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்கள் சிரிப்பீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒருவரை நினைத்துத்தான். மிலிட்டரியில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுவிட்டது, இனிமேல் புகை பிடித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், வீட்டில் மறைத்து ஒன்றரை வருஷம் பிடித்தார். என் கை இல்லாமல் அது நடந்திருக்காது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மற்ற பேஜார்களையும் சொல்லிவிடுகிறேன்.

போர்டு

'பைப் வாடை போக்கித் தரப்படும்' என்று போர்டில் எழுதச் சொன்னது நான்தான். நம் ஊரில் பைப் என்றால் தண்ணீர் வருகிற பைப்பு, இல்லையென்றால் சாக்கடை போகிற பைப்பு என்பது எனக்கு உறைக்கவில்லை. பைப்புக்குத் தமிழில் சுங்கான் என்று பெயர், அப்படி எழுதியிருந்தால் அது என்னவென்று கேட்கவே பத்து பேர் வந்திருப்பார்கள். முதல் வாரம் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பாத்ரூமில்தான் பிரச்சினை. ஒருவர் அடைப்பு எடுக்கிற கம்பி எங்கே என்று கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் அரை மணி நேரம் விடவில்லை. அவர் தெருவில் மழை பெய்தால் சாக்கடை பைப்பிலிருந்து தோல் பதனிடுகிற டேனரித் தண்ணீர் கலர் கலராக எதிர்த்து வருகிறதாம். ஐயா, நான் பார்ப்பது இந்தப் பைப் என்று கையில் இருந்ததைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு என்னைவிட ஜாஸ்தி.

"இம்மாத்துண்டு பைப்பு நாத்தத்துக்கு ஒரு கடை தொறந்து வெச்சிக்கிற. எங்க தெருவே நாறுது, அதுக்கு ஒரு கடை எங்கய்யா கீது?"

உப்பும் பிராந்தியும்

வேலை இதுதான். உள்ளே படிந்த கரியைச் சுரண்டிவிட்டு, பைப்பின் கிண்ணத்தில் கல்லுப்பை நிரப்ப வேண்டும். மேலே பிராந்தியைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு நாள் நிற்க வைத்தால், உப்பு நாற்றத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிடும். கம்பியில் பஞ்சைச் சுற்றி அதே பிராந்தியில் நனைத்துத் தண்டுக்குள் விட்டு விட்டு எடுக்க வேண்டும். தண்ணீரில் மட்டும் ஊறப் போடக் கூடாது, மரம் கெட்டுவிடும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு என்னென்னவோ கலந்திருக்கிறார்கள், வாயில் வைக்கிற சாமானுக்கு அது ஆகாது.

அதனால் வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத நான் டாஸ்மாக் வரிசையில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். அதைவிட அவமானம் வேறு இல்லை. ஒரு நாள் மத்தியானம் என் மனைவியின் தம்பி, குடியாத்தத்தில் பவர்லூம் வைத்திருப்பவன், சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து நின்றான். மேஜை மேல் பிராந்தி பாட்டில், பக்கத்தில் தட்டில் கல்லுப்பு. நான் விளக்கம் சொல்லச் சொல்ல, பெரிய மனதோடு மன்னிக்கிறவன் மாதிரி என் தோளைத் தட்டினான். அவனை அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாமா என்று இருந்தது.

"குடிக்கறது கூட தப்பில்ல மாமா. வெறும் உப்பத் தொட்டுக்கினு குடிக்கறீங்களே, ஒரு ஊறுகா பாக்கெட் வாங்கக் கூடாதா?"

கைக்குட்டை

சென்னையிலிருந்து காரில் வந்தவர் இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர்க் காற்று அவருக்கு ஆகவில்லை. அவர் காலில் தோல் ஷூ, இடுப்பில் தோல் பெல்ட், காரில் தோல் சீட். இது எல்லாம் எந்தக் காற்றிலிருந்து வந்தது என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் நீட்டிய பைப்பைப் பார்த்ததும் அடக்கியது எல்லாம் கிளம்பிவிட்டது. நாற்றம் போகட்டும் என்று டெட்டால் கலந்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப் போட்டிருக்கிறார். பிறகு மொட்டை மாடி வெயிலில் காய வைத்திருக்கிறார். அதற்கு மேல் வாசனைக்கு அத்தர் வேறு. பைப் அடி வரைக்கும் கீறல் விட்டிருந்தது. புகையிலை, டெட்டால், அத்தர் மூன்றும் சேர்ந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நல்ல மரத்தைக் கொன்றுவிட்டீர்கள், இனி நெருப்பு வைத்தால் இரண்டாகப் பிளக்கும் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"இந்த ஊர்ல உக்காந்துட்டு இருக்கீங்க, உங்களுக்கு மூக்கு வேலை செய்யுதான்னு முதல்ல செக் பண்ணிக்கோங்க சார்."

சுபேதார்

அந்தச் சென்னைக்காரர் மேல் வந்த கோபம் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது. சுபேதார் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. வேலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து என் கடைக்கு நூறு அடி இருந்தால் ஜாஸ்தி. அதை நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் அடுத்த பத்து நிமிஷம் பேச்சு வராது, மூச்சு மட்டும்தான் வரும். பிறகு பேப்பரில் சுற்றிய பைப்பை எடுத்து வைப்பார்.

ஒரு கர்னல் அன்போடு கொடுத்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை, ஷோகேஸில் சும்மா இருக்கட்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மா அவ்வப்போது அதை எடுத்து முகர்ந்து பார்ப்பாராம். அம்மா மகளைப் பார்க்கக் குடியாத்தம் போகிற நாளாகப் பார்த்து இவர் இங்கே வருவார். இன்றைக்குக் கொடுத்து நாளைக்கு வாங்கிக்கொண்டு போய் ஷோகேஸில் வைத்துவிடுவார். வாடை துளி கூட இருக்கக் கூடாது என்பது அவர் கண்டிஷன். டாக்டர் அவ்வளவு சொல்லியும் ஏன் ஐயா இப்படி என்று கேட்டேன்.

"டாக்டரு என் நொரையீரலப் பத்திதான் சொன்னாரு தம்பி. பைப்பப் பத்தி ஒண்ணும் சொல்லலயே."

பாதி வேலை

ஒரு தடவை மனசு கேட்கவில்லை. வேண்டுமென்றே உப்பை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட்டேன். தண்டுக்குள் பஞ்சே விடவில்லை. வாடை கொஞ்சம் மிச்சம் இருந்தால் அந்த அம்மா கண்டுபிடித்துவிடுவார், பிரச்சினை அவர்கள் வீட்டோடு தீரும் என்று கணக்குப் போட்டேன். எனக்குத் துணிச்சல் இருந்தால் முடியாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அது இல்லை, அதனால் இந்தத் திருட்டு வேலை.

மறுநாள் வந்தவர் பைப்பை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. இருமல் வந்து இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். இருமி முடித்து அதே பைப்பை என் பக்கம் தள்ளினார். நானும் மறுபேச்சில்லாமல் எடுத்து முழுசாகச் செய்து கொடுத்தேன். என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அந்த வீம்புக்காக ஒரு மனுஷனின் மூச்சை விட்டுக் கொடுத்தேன், வேறு எப்படிச் சொல்வது. பைப்பைத் தள்ளும்போது அவர் சொன்னது இதுதான்.

"மிலிட்டரில பாதி தொடச்ச துப்பாக்கியத் திருப்பிக் குடுத்தா இன்னா ஆவும் தெரியுமா? உன் வேலை இப்படி இருக்காதே தம்பி, மறுபடியும் செய்."

அம்மா வந்தார்

நாலு மாசம் முன்பு, காலையில் கடையைத் திறந்ததும் கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு ஒரு அம்மா வந்தார். சுபேதாரின் மனைவி என்றார். அவர் வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், மூக்கில் ஆக்சிஜன் குழாய், நேற்றுத்தான் வாயைத் திறந்து உன் கடையைச் சொன்னார் என்றார். பிறகு பையிலிருந்து அந்தப் பைப்பை எடுத்து என் முன்னால் வைத்து, மோந்து பாரு என்றார். முகர்ந்தேன். இன்னா வாடை வருது என்றார். ஒண்ணும் வரலம்மா என்றேன். அதான் என்றார்.

பிடிக்கிறதை விட்டதும் முதல் இரண்டு மாசம் ஷோகேஸைத் திறந்தாலே பழைய புகையிலை நாறுமாம். அந்த நாற்றம் இருந்த வரைக்கும் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். தொடாமல் வைத்த பைப்பு அப்படித்தான் நாறும், தன்னுடைய அப்பா செத்து ஆறு வருஷமாகியும் சுருட்டுப் பெட்டி இன்னும் நாறுகிறது என்றார். ஒரு நாள் குடியாத்தத்திலிருந்து திரும்பி வந்து முகர்ந்தால் வாடையே இல்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டதாம், மறுபடியும் பிடிக்கிறார் என்று. சண்டை போட்டார், அழுதார், புகையிலையைத் தேடி எடுத்துக் கொட்டினார். சுபேதார் ஒவ்வொரு தடவையும் பைப்பையே நீட்டி, வாடை வருதா பாரு என்று சத்தியம் செய்திருக்கிறார். ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் நான் செய்து கொடுத்த சுத்தம்தான் சாட்சி சொல்லியிருக்கிறது. என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றேன். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"அவரு வியாதிக்காரரு, பொய் சொன்னாரு. உனக்கு இன்னாப்பா வியாதி, அந்தப் பொய்ய மாசா மாசம் தொடச்சித் தொடச்சிக் குடுத்த?"

இப்போது பைப்போடு யார் வந்தாலும் வாடை யாருக்குத் தெரியக் கூடாது என்று முதலில் கேட்கிறேன், அந்தக் கேள்வியிலேயே முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள், மிச்சமிருப்பவர்களும் போய்விட்டால் பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன்.