ரோஸ் சோக்கால் போட்ட சரிகள்

பின்னேரம் மூன்று ஐம்பதுக்குத் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். வாசலில் அவளுடைய செருப்பு இல்லை. மேசையில் இருந்த என் கணவரின் கடிதமும் இல்லை. கடிதத்தைக் காணாதபோதுதான் தேநீரை மூடி வைத்தேன்.

அவர் அப்போது ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்தார். ஐரோப்பியத் துறைமுகங்களில் கப்பல் நாட்கணக்கில் கிடக்கும்போது ஊருக்குள் நடக்கப் போய்விடுவார். அன்ட்வேர்ப்பில் சந்தைக்குப் பின்னால் வெண்கலப் பெண் ஒருத்தி மீன் செதில் சீவிக்கொண்டிருக்கிறாள், நிச மீன்காரி அந்தச் சிலையின் தலையில் துவாயைக் காயப்போட்டிருக்கிறாள் என்று எழுதுவார். ஹம்பேர்க்கில் ஒரு வீட்டுச் சுவர் முழுக்கக் கப்பல் கீறியிருக்கிறார்கள், யாராவது ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கப்பலில் ஆள் ஏறிவிட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதுவார். நான் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இவற்றை மகளுக்கு வாசித்துக் காட்டுவேன். உடுப்பில்லாத சிலைகள் வரும் இடங்களில் எனக்கு இருமல் வந்துவிடும்.

கடைசிக் கடிதத்தில் மனிதர் ஊர் பார்க்க நடப்பதற்குச் சட்டதிட்டங்களே எழுதியிருந்தார். யாரிடமும் வழி கேட்பதில்லை. சந்திக்குச் சந்தி இடப்பக்கம் திரும்புவது. சிலை எதிர்ப்பட்டால் காலைத் தொட்டுப் பார்ப்பது. படமென்றால் அதிலுள்ள ஆட்களை எண்ணுவது. முடிந்ததும், பரிசோதித்த வால்வுக்குப் போடுவது போல, ஓர் ஓரத்தில் சோக்கால் ஒரு சரி அடையாளம்.

என் சோக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். பெட்டியில் எத்தனை கட்டி என்று எனக்குத் தெரியும். ரோஸ் நிறத்தில் ஒன்று குறைந்தது. அவளுக்குப் பத்து வயது.

எங்கள் லிங்கநகர் வீட்டிலிருந்து இறங்கி, முதல் சந்தியில் இடப்பக்கம் திரும்பினேன். சலூன் பலகையில் பாதி முகத்துக்குச் சவர்க்கார நுரை பூசிய ஒருவரின் படம் உண்டு. அவருடைய மூக்கில் ரோஸ் சரி இருந்தது.

“டீச்சர், உங்கட மகள் இவருக்குக் கால் எங்கை எண்டு கேட்டவ,” என்றார் சலூன்காரர். “தோளோட முடிஞ்சு போச்சு, கால் இல்லை எண்டனான். அப்ப மூக்கே போதும் எண்டு கீறிப்போட்டுப் போட்டா.”

“எந்தப் பக்கம் போனவள்?”

“இடப்பக்கம். வலப்பக்கம் என்ன குறை எண்டும் கேட்டனான். அப்பா சொல்லேல்லையாம்.”

புடைவைக் கடை வாசலில் சீமெந்து யானை. கால் நகத்தில் சரி. பதினொரு வருடமாக அந்த யானையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறேன். யாரோ அதற்கு ஒவ்வொன்றாக இமைமயிர் கீறியிருப்பதை அன்றுதான் கண்டேன். படமாளிகைப் பதாகையில் கதாநாயகியின் இடது காலில் ஆறு விரல்கள். சரி ஆறாவது விரலில் இருந்தது. எங்கள் ஊரில் மான்கள் தெருவெல்லாம் திரியும்; மைதானத்தில் படுத்திருந்த ஒன்றின் முதுகில் பாதிக் கோடுதான். மீதியைப் போடமுன் அது அசைந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையைத் தேடிப் போகிற தாய் மானைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று என்னை நானே ஏசிக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன்.

அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் அக்கரையிலுள்ள மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லாஞ்சி புறப்படும் துறை. லாஞ்சி போய்விட்டிருந்தது. புகை மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றது.

துறையில் மூதூர் முஸ்லிம் நெல் வியாபாரி ஒருவர் சாக்கின் மேல், வேட்டையாடும் கொக்கைப் போல, அசையாமல் இருந்தார். அவருடைய செருப்பின் நுனியில் ரோஸ் சரி. மகளைக் கண்டீர்களா என்று கேட்டேன்.

“ஓம், மகளே, ஒரு புள்ள வந்து என்னைச் சுத்திச் சுத்திப் பாத்திச்சு,” என்றார். “நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தன். காலைத் தொட்டிச்சு. எங்கட ஆக்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல. எண்டாலும் புள்ள மரியாதைக்குச் செய்யுது எண்டு, நல்லா இரி எண்டு சொன்னன். வெருண்டு ஓடிட்டு.”

சிலை கதைத்தால் யார்தான் ஓடமாட்டார்கள்.

“எங்கை ஓடினவள்?”

“லாஞ்சிப் பக்கம். அங்கால கரைக் கல்லுகளில மாலுமிமார் கப்பல் பேர் எழுதி வைச்சிருக்காங்களே, அதுக்குக் கிட்டப் போகுமா எண்டு லாஞ்சிக்காரனைக் கேட்டிச்சு.”

“ஏறினவளா?”

அவர் தாடியைத் தடவினார். “நான் திரும்பவும் கண்ண மூடிட்டன்.”

நான் துறையின் விளிம்புவரை போய்ப் பார்த்தேன். மகள் இன்று என்னைவிட உயரம்; ஆனாலும் வகுப்பில் ரோஸ் சோக்கை நான் தொடுவதில்லை, தலைப்புகளையும் வெள்ளையிலேயே எழுதுகிறேன்.

“நீங்க இதில இரிங்க. துறைமுகக் கந்தோருக்குப் போய் மூதூருக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லுறன்,” என்று தன் சாக்கைக் காட்டிவிட்டு அவர் விறுவிறென்று போனார். ரோஸ் சரி ஒன்றும் அவரோடு நடந்து போனது.

நான் சாக்கில் இருந்தேன். அவளுக்கு நீந்தத் தெரியாது. மூதூரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. பொழுதுபட்டால் திரும்பி வர லாஞ்சியும் இல்லை. என் கணவருக்கு என்னவென்று எழுதுவேன்? உங்கள் மகள் நீங்கள் சொன்னபடியே இடப்பக்கம் திரும்பினாள், அங்கே கடல் இருந்தது என்றா? புகை கரைந்து முடிந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையும் காலும் அசையவில்லை. அழுகையும் வரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. யாரோ என் பாதத்தைத் தொட்டார்கள். பெருவிரலில் ஏதோ கரகரத்தது.

குனிந்து பார்த்தேன். மகள் குந்தியிருந்தாள். கடிதம் கக்கத்தில் மடங்கியிருந்தது. விரலெல்லாம் ரோஸ் நிறம்.

“அசையாதேங்கோ அம்மா,” என்றாள். “லாஞ்சி அந்தக் கல்லுகளுக்குக் கிட்டப் போகாதாம். தேத்தண்ணிக் கடைச் சுவரில கீறியிருக்கிற முப்பத்தேழு பேரையும் எண்ணிப்போட்டு வாறன். நீங்கள்தான் கடைசி. சோக்கு முடிஞ்சுது.”