மாப்பிள்ளைக் காரின் பேரிங்

எனக்குச் சம்பந்தம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டாரான அளவெட்டிக்காரர் சீதனத்தைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாப்பிள்ளை சைக்கிளிலை வந்து இறங்கேலாது. கார் அனுப்புங்கோ. அதுவும் கடகடவெண்டு சத்தம் போடாத காராய் இருக்கோணும்."

போர்த் தடையால் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராத காலம். டொக்டரும் குருக்களும் சைக்கிளில் போனார்கள். இதைக் கேட்ட மாமாவும் சைக்கிளில் வந்துதான் கேட்டார்.

கோப்பாயில் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்ததென்னவோ உண்மை. மண்ணெண்ணெயில் ஓடி ஓடி, அதன் எஞ்சின் உரலில் உலக்கை போடுவதுபோல இடிக்கத் தொடங்கியதும், அதைக் கோழிகளிடம் கொடுத்துவிட்டோம். இப்போது அண்ணை கோழிகளைக் காரிலிருந்து கலைத்தார். அவர் கிழமை நாட்களில் அலுவலகத்தில் எழுதுவினைஞர், ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினியர். என் கலியாணத்துக்கென்று வெள்ளையடித்த விறாந்தையில் கழற்றிய எஞ்சின் சாக்கின்மேல் படுத்துக்கொண்டது.

எனக்கு மாப்பிள்ளையைத் தெரியாது. ஒரு படம் பார்த்திருந்தேன், அதில் அவர் சிரிக்கவில்லை. இந்தக் காலத்தில் காரில்லாமல் படியிறங்க மாட்டேன் என்கிற மனிதனோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று எனக்கு உண்மையாகவே பயமாயிருந்தது. அது அவருடைய ஆசையா, மாமாவுடையதா என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லாருக்கும் பேரிங்தான் கவலை.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் பேரிங்குக்கும் நடுவே, எண்ணெய் நிற்க மயிரிழை இடம் வேண்டுமாம். கூடினால் இடிக்கும், குறைந்தால் இறுகும். புதுப் பேரிங் வாங்க வழியில்லை. அண்ணை கண்ணாடித் துண்டின்மேல் அரத்தாளை விரித்து, பேரிங் மூடிகளை அதில் தேய்த்துத் தேய்த்து இடைவெளியைக் குறைத்தார். அளந்து பார்க்கக் கருவியும் இல்லை. நகை செய்த பத்தர் என் காப்புகளைச் சுற்றித் தந்த மெல்லிய ரோசாக் கடதாசி இருந்தது. அதில் ஒரு கீற்றை வெட்டி, எண்ணெய் பூசி, உள்ளே வைத்து மூடியை முறுக்கினார். கடதாசி இருக்கும்போது தண்டு அசையக்கூடாது, எடுத்ததும் லேசாகத் திரும்ப வேண்டும். அப்படியேதான் திரும்பியது. அங்கேயே விட்டிருக்கலாம்.

"காணாது, இன்னும் தேய்க்கோணும்," என்றார் அண்ணை. "மண்ணெண்ணெய் இறங்கி எண்ணெயைத் தண்ணியாக்கிப்போடும். தண்ணி எண்ணெய்க்கு என்னத்துக்கு இவ்வளவு இடம்?"

"புத்தகத்திலை அப்பிடியோ கிடக்கு?" என்று அப்பா கேட்டார்.

"புத்தகம் எழுதினவன் மண்ணெண்ணெயிலையோ ஓடினவன்?"

அண்ணை இன்னும் தேய்த்தார்.

கலியாணத்துக்கு முதல்நாள் எஞ்சினைத் திரும்பப் பூட்டி, அயலட்டைச் சனமெல்லாம் சேர்ந்து தள்ள, கார் புறப்பட்டது. சத்தமென்றால் சத்தமேயில்லை. ஆனால் நிறுத்திவிட்டு, திரும்பக் கிளப்ப முன்பக்கம் கைபிடியைச் செருகிச் சுழற்றினால் எஞ்சின் அசைய மறுத்தது. பெற்றறியில் பொறி கொடுக்க மட்டும்தான் பலம் இருந்தது; எஞ்சினைச் சுழற்ற ஊரே தள்ள வேண்டும். "ஓட ஓட இளகும். இடையிலை நிப்பாட்டாட்டிச் சரி," என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் அவர் எஞ்சினை நிறுத்தாமலே போய் மாப்பிள்ளையையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டார். வழியில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும். கோயில் வாசலில் மாமா சொன்னார்: "தம்பி, சாமிக்கு முன்னாலை புகையை விட்டுக்கொண்டு நிக்கப்படாது. நிப்பாட்டும்." மாப்பிள்ளை வீட்டார் சொல்லைத் தட்டலாமா? அண்ணை நிறுத்தினார்.

நான் கூறைக்கு முதல் உடுக்கும் சேலையோடு அறைக்குள் காத்திருந்தேன். சுபநேரம் நெருங்கியது. குருக்கள் வாசலைப் பார்த்தார், அப்பா குருக்களைப் பார்த்தார். காருக்காக நின்றுபோன கலியாணம் என்று ஊர் சொல்லப்போவது இப்போதே காதில் விழுந்தது.

"வந்திட்டினம்," என்று யாரோ சொன்னார்கள். யன்னலால் எட்டிப் பார்த்தேன். கார் ஆடி அசைந்து வந்தது. உள்ளே மாமா, மடியில் மாப்பிள்ளையின் தலைப்பாகையை ஏந்தியபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணை ஒரு கையால் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து தள்ளினார். பின்னால், பட்டுவேட்டியை மடித்துக் கட்டியபடி, குனிந்து தள்ளிக்கொண்டு வந்தவர்தான் மாப்பிள்ளை. நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சின்னம்மா, சிரிக்கக்கூடாதென்று என் தோளில் நுள்ளினார்.

தாலி கட்டி முடிந்து, அக்கினியை வலம்வரக் கையைப் பிடித்தபோதுதான் அவருடைய உள்ளங்கை ஈரமாயிருப்பதை உணர்ந்தேன். எஞ்சின் கைபிடியோடு கோயிலடியில் மல்லுக்கட்டியதில் கொப்புளம் போட்டு உடைந்திருந்தது.

"நோகுதோ?" என்று குனிந்தபடியே கேட்டேன். அதுதான் நான் அவரோடு கதைத்த முதல் வார்த்தை.

"ஓம்," என்றார். "எண்டாலும் விடாதையும்."