கோபுரத்தைப் பார்த்து அடித்த பந்துகள்

தொழிற்சாலையில் என் வேலை அளவு சோதிப்பது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கோணினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதனால் கோல்ஃப் மட்டையைக் கையில் கொடுத்தபோது, நேராக நிற்பதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை என்று நினைத்தேன்.

வெளிநாட்டு மேலாளர்கள் தொடங்கி வைத்த பழக்கம் அது. ஆண்டுக்கு ஒருமுறை இன்னொரு ஆலையோடு போட்டி. நான்கு பேர் அணியில் ஒரு பெண் இருக்க வேண்டும். முன்வந்தவர்கள் இரண்டே பேர்: நானும், என் பிரிவில் எனக்கு ஒரு வருடம் இளையவளும். எங்களில் ஒருத்தியைத் தேர்வு வைத்து எடுப்பதாகச் சொன்னார்கள். அவள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில். ஞாயிறு காலைகளில் அவர்களுடைய அறுவடை முடிந்த வயலில் பழகினோம். நிலம் அவளுடையது, பந்து கம்பெனியுடையது, பட்டியல் என்னுடையது.

பட்டியல் என் போனில் இருந்தது. மட்டையைப் பிடிக்கும் விதம், பாதங்களுக்கு நடுவே தோளகலம், பந்து வைக்கும் இடம், தலை அசையாமை. கடைசி வரி: பாதம், இடுப்பு, தோள் மூன்றும் பந்து போக வேண்டிய கோட்டுக்கு இணையாக. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் காலையில் நெசவுக்காகத் தெரு நீளத்துக்குப் பாவு நூல் கட்டியிருக்கும்போது, அதன்மேல் படாமல் ஒட்டி நடப்போமே, அப்படி.

அவளிடம் பட்டியல் கிடையாது. "என்னக்கா, எக்ஸாமா எழுதுற?" என்று கேட்டுக்கொண்டே வந்து நிற்பாள், அடிப்பாள். பந்து வயல் கோடியில் உள்ள ஒற்றைப் பனைமரத்துக்கு நேராகப் போகும். என் பந்து நேராகக் கிளம்பிப் பாதியில் வலப்பக்கம் வளைந்து அடுத்தவர் வரப்பைத் தாண்டும். வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்றேன். வளைவு கூடியது.

எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. அவள் அடிக்கும் பந்து ஒரு தடவையாவது கோணாதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படிப் பார்த்துத்தான் அவளுடைய பிழையைக் கண்டுபிடித்தேன். களைத்துப் போனால் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடக்கால் பக்கம் தள்ளி வைப்பாள். அப்போது அடி இடப்பக்கம் இழுக்கும். அதைப் பட்டியலில் குறித்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு, அவள் என் பின்னால் நின்று போனில் படம் எடுத்தாள்.

"நீ எதப் பாத்துக்கா அடிக்கிற?"

"கோபுரத்த." பனைமரத்துக்குப் பின்னால், ஊர்ப்பக்கம் தூரத்தில் கோயில் கோபுரம் தெரியும். பனைமரம் காற்றில் ஆடும், கோபுரம் ஆடாது என்பது என் கணக்கு.

"அதான பாத்தேன். சாமி கும்புட்டுக்கினே அடிக்கிற. காலு ஒழுங்காத்தான் இருக்குது, தோளு ரெண்டும் கோபுரத்துக்குத் திரும்பிக்கினு போவுது பாரு."

"நீ போனக் கோணையாப் புடிச்சிருக்க."

"ஆமாமா, போனுதான் கோணை!"

வீட்டில் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தித் திரையில் கோடு போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடியிலும் தோள் திரும்பியிருந்தது. கோபுரம் கண்ணில் பட்டால் அதற்கு முகம் கொடுத்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். கம்பெனி பஸ்ஸில் கோபுரம் தெரியும் திருப்பம் வந்தாலே என் உடம்பு தானாகத் திரும்பும். வயலில் கையில் மட்டை இருந்ததால் கை கன்னத்துக்குப் போகவில்லை. தோள் மட்டும் போயிருக்கிறது.

அவள் கண்டுபிடித்தது எரிச்சலாக இருந்தது. கண்டுபிடித்த நிமிஷமே சொல்லிவிட்டாளே, அது இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை கம்பெனி மைதானத்தில் தேர்வு, ஆளுக்கு இருபது பந்து. உயரமான எதையும் பார்க்காமல், பந்துக்கு ஒரு முழம் முன்னால் ஒரு புல் முனையைக் குறிவைத்தேன். பதினான்கு நேராகப் போயின. அவள் முதல் பதின்மூன்றையும் நேராக அடித்தாள். மீதி ஏழும் இடப்பக்கம் போயின. இடம் எனக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடைசில என்னக்கா ஆச்சு எனக்கு? நீ பாத்துக்கினுதான இருந்த?"

பட்டியலில் அவள் பிழையைக் குறித்த வரியைத் திறந்து போனை நீட்டினேன். நான் எழுதும் எந்தக் குறிப்பும் தேதியில்தான் தொடங்கும். ஆபீஸ் பழக்கம். அதை மறந்துவிட்டேன். அவள் விரல் தேதியின்மேல் நின்றது.

"ஒரு மாசமாத் தெரியுமா உனுக்கு?"

போனை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அதோடு இயர்போனை மாட்டிக்கொண்டாள். இரவு மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பினேன். இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுத மனம் வரவில்லை.

மறுநாள் வரப்போரம் ஸ்கூட்டியை நிறுத்தியபோது அவள் அடித்துக்கொண்டிருந்தாள். பந்து வைக்கும் இடத்தில் செங்கல் துண்டால் ஒரு கோடு கிழித்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் பந்தெல்லாம் அந்தக் கூடையில இருக்குது. இனிமே எதனா பாத்தீன்னா அன்னிக்கே சொல்லுக்கா."

"சொல்றேன்."

அடுத்த பந்தைக் கோட்டின்மேல் வைத்து அடித்தாள். அது பனைமரத்துக்கு நேராகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல ஒரு பிழையும் இல்லை. வயிறு பழையபடியே எரிந்தது.