வருகிறவர்களுக்கான ரொட்டி

வருகிற விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் நீட்டுவது பல்கேரியாவில் வழக்கம்; உப்பைத் தொட்டுத் தின்றால் நட்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். நாற்பத்தொன்றில் ஜெர்மானியர் கூட்டாளிகளாக டான்யூப் ஆற்றைக் கடந்து வந்தபோது, அந்தக் கரையோர ஊரில் ரொட்டி சுட்டவள் நெதெல்யா. அவர்களுடைய அதிகாரி பெரிய துண்டாகப் பிய்த்து, உப்பில் தாராளமாகத் தொட்டு மென்றான். விருந்தாளி எப்படித் தின்கிறான் என்று பார்ப்பதில் அவளுக்குத் தீராத ஆவல்.

நாற்பத்துநான்கு செப்டம்பரில் மேயர் குரோஸ்தான் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"அக்கா, சீக்கிரம் ஒரு ரொட்டி சுடு! ரஷ்யாக்காரங்க வர்றாங்க."

"ரஷ்யா நம்ம மேல போர் அறிவிச்சிடுச்சுன்னு ரேடியோல சொன்னாங்களே?"

"அது செவ்வாய்க்கிழமை! இன்னிக்கு சனிக்கிழமை. இப்ப நமக்கு எதிரி ஜெர்மன்காரன்."

"அப்ப வர்ற திங்கட்கிழமை யாரு எதிரி?"

"வாய மூடிக்கிட்டு மாவப் பிசை!"

சதுக்கத்தில் நெதெல்யா ரொட்டியும் உப்பும் நீட்ட, ரஷ்ய அதிகாரி ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தான். தன் வாயில் போடாமல் மேயரிடம் நீட்டினான்.

"முதல்ல நீங்க."

மேயர் மென்று விழுங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நெதெல்யா பக்கம் திரும்பினான்.

"ஜெர்மன்காரனுக்கும் இதே ரொட்டிதானா?"

"ஐயையோ, இல்லவே இல்லீங்க!" என்று மேயர் பதறினார்.

"அதேதான்யா," என்றாள் நெதெல்யா. "அடுப்பு இருந்த இடத்துலயேதான் இருக்கு. வர்றவங்கதான் மாறிக்கிட்டே இருக்கீங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தான். ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றான்.

நெதெல்யா கண்கொட்டாமல் பார்த்தாள். உப்பை அவன் தொடவே இல்லை.