சவ்வு கிழியாத வரை

எங்கள் தொழிலில் ஒரு பொருளைச் செய்ய ஒரு வாரம் போதும். அது எப்போது கெட்டுப்போகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் வருடக்கணக்கில் ஆகும். பால் பொங்குகிறதா என்று அடுப்படியில் நின்றே காலைப் பொழுதைத் தொலைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் என் கட்சிதான்.

விஷயம் இதுதான். எரிபொருள் கலம் என்று ஒரு பெட்டி. ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் காற்று. இரண்டையும் வாங்கிக்கொண்டு மின்சாரத்தையும் கொஞ்சம் தண்ணீரையும் கொடுக்கும். நடுவில் வெங்காயச் சருகு கனத்தில் ஒரு பாலிமர் சவ்வு இருந்து, இரண்டு வாயுக்களும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் கதை முடிந்தது. சீக்கிரம் கிழியாத சவ்வு ஒன்றைச் செய்து, ஆயிரம் மணி நேரம் ஓட்டிக் காட்டினால் எனக்கு முனைவர் பட்டம். இல்லையென்றால் வெறுங்கையோடு வீடு. சிதம்பரத்து ஆய்வுக்கூடத்தில் கழித்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. அப்போதும் கலங்கியதுண்டு, காரணம்தான் வேறு.

அத்தையின் கவர்

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் சிதம்பரம் போவேன். எங்கள் குப்பத்து அத்தை ஒருவர் மீன் கூடையோடு அதே பெட்டியில் ஏறுவார். நான் சவ்வு செய்யப் பயன்படுத்திய கரைப்பானுக்கு ஒரு வாடை உண்டு. எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. இத்தனை மீனுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அத்தை ஒருநாள் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்படி என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒன்று, ஓட்டை விழாமல் இருக்க வழி தேடுகிறேன் என்றேன். மூன்று வருடமாகவா என்றார். ஆமாம் என்றேன். அத்தை பரங்கிப்பேட்டை ஸ்டேஷன் தாண்டும் வரைக்கும் யோசித்தார். பிறகு சொன்னார்: "நான் மீனு போட்டுக் குடுக்குற கவரு ஊடு போறதுக்குள்ள ஒழுவுதுன்னு தெனம் ஒருத்தி சண்டைக்கி வரா. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுடி, அப்பறம் மத்ததப் பாக்கலாம்."

மழைக்கால ஆராய்ச்சி

சவ்வு செய்வது தோசை வார்ப்பது மாதிரிதான். பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மட்டமாக இழுத்துவிட்டு, காய வைக்க வேண்டும். காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக உரிந்து வரும். ஆனால் காற்றில் ஈரம் அதிகமானால் வெள்ளை வெளேரென்று கஞ்சி ஆடை போல் ஆகிவிடும். குப்பையில் போட வேண்டியதுதான்.

ஐப்பசியில் சிதம்பரத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்துப் போட்ட துணியே மூன்று நாள் காயாது. நான் வரிசையாக ஒன்பது தட்டு ஊற்றினேன், ஒன்பதும் வெள்ளை. அழுகையை அடக்கிக்கொண்டு ஒன்பதையும் எங்கள் பேராசிரியரின் மேசையில் அடுக்கி வைத்தேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், ஜன்னலைத் திறந்து மேகத்தைப் பார்த்தார்: "இனிமே என்ன கேக்காதீங்கம்மா. உங்க ஆராய்ச்சிக்கு வழிகாட்டி நான் இல்ல, வங்காள விரிகுடா."

புவனகிரி முறுக்கு

கலியமூர்த்தி அண்ணன் எங்கள் கூடத்தின் டெக்னீஷியன். இங்கே வருவதற்கு முன் புவனகிரிப் பக்கம் வயல் வயலாகப் போய்ப் போர்செட் மோட்டார் பார்த்தவர். அவர் கை வைத்தால் ஓடாத பம்பும் ஓடும். கலத்தின் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் போல்ட்டு முடுக்குவது அவர் பொறுப்பு.

மழை விட்டபின் தெளிவாக உரிந்து வந்த முதல் மூன்று சவ்வுகளும் கலத்துக்குள் கிழிந்தன. ஒவ்வொரு முறையும் கரண்ட் போய், கலம் நின்று, மறுபடி கிளப்பும்போதுதான் கிழிந்தது. மின்சாரம் தயாரிக்கும் பெட்டியைச் சோதிக்கவும் கரண்ட் வேண்டும் என்பது எங்கள் தலையெழுத்து. சவ்வு நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஓரத்தில் இறுக்கிப் பிடித்திருந்தால் நகர இடமில்லாமல் அங்கேயே கிழியும். மூன்றாவதைப் பிரித்துப் பார்த்தபோது, போல்ட்டு அழுத்திய தடத்திலேயே அளவெடுத்த மாதிரி கிழிந்திருந்தது. இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர் ஒன்றை வாங்கி வந்து, தயங்கித் தயங்கி அவரிடம் நீட்டினேன். அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது: "இருவது வருஷம் மோட்டார் பாத்தவம்மா நானு. கலியமூர்த்தி முடுக்குன போல்ட்டு லூசா இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல, இப்ப ஜாஸ்தியா இருக்குன்னு நீ சொல்ற."

ஒருநாள் ஓய்வு

நான்காவதுதான் கடைசி வாய்ப்பு. சவ்வு சீக்கிரம் அரித்துப்போகாமல் இருக்க சீரியம் உப்பைக் கலந்தேன். ஓரத்தில் மெல்லிய சட்டம் ஒட்டினேன். அண்ணன் மனத்தாங்கலோடு அளந்து முடுக்கினார். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்கப் பெரிய பேட்டரி வைத்தோம். கலம் எழுநூறு மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு, வாயுவை ஈரப்படுத்தும் தண்ணீர்ப் புட்டியை மட்டும் நிரப்பும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டு, நான் நிம்மதியாகக் கடலூர் போனேன்.

விஜயதசமியன்று காலையில் வந்து பார்த்தால், கலத்துக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்திச் சரம். திரையில் பூஜ்யம். அண்ணன் ஹைட்ரஜன் சிலிண்டரை மூடி, முறைப்படி நிறுத்தி, பொட்டு வைத்துப் படைத்திருக்கிறார். நல்லவேளை, குங்குமம் வெளித்தகட்டோடு நின்றது. குழாய்க்குள் போயிருந்தால் அதில் கலந்த சுண்ணாம்பே சவ்வைக் கெடுத்திருக்கும். மறுபடி கிளப்பும்போது இதுவும் கிழிந்தால், புதுச் சவ்வு செய்து முதலிலிருந்து ஓட்ட நாள் போதாது. நான் கத்தினேன். வாழ்க்கையில் பெரியவர்களை எதிர்த்து அப்படிக் கத்தியது அந்த ஒரு முறைதான், இன்றைக்கும் அது உறுத்துகிறது. அவர் கையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றார்: "வருஷம் முச்சூடும் ஒழைக்குற பொருளும்மா. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே எப்பிடிப் பொட்டு வெக்கிறது?"

சார் கேட்ட கேள்வி

பேராசிரியர் வந்தார். கிளப்புங்கள் என்றார். கிளப்பினேன். அண்ணன் சாமந்திச் சரத்தை எடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். அரை மணி நேரம் கழித்து வாயு கசிகிறதா என்று சோதித்தோம். கசியவில்லை. மறுபடி சோதித்தோம். அப்போதும் இல்லை. நிற்பதற்கு முன் இருந்ததைவிட மின்னழுத்தம் ஒரு நூல் கூடியே இருந்தது. ஓய்வெடுத்தால் கலம் அப்படிக் கொஞ்சம் தேறிக்கொள்ளும்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சார் சிரித்தார்: "மூணும் நின்னு கெளம்புறப்பதானம்மா கிழிஞ்சுது? இது நின்னுச்சு, கெளம்புச்சு, கிழியல. ரோட்டுல எந்த வண்டி நிக்காம ஓடுது? நீங்க பயந்து பயந்து செய்யாம விட்ட சோதனைய அவர் செஞ்சுட்டார், போய் மன்னிப்புக் கேளுங்க."

வரைபடத்தில் ஒரு பள்ளம்

கேட்டேன். அண்ணன் பொரிகடலையை என் கையில் கொட்டினார், அவ்வளவுதான். அதன் பிறகு வேண்டுமென்றே நாங்களே பலமுறை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினோம். சவ்வு ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டியது. வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர், வரைபடத்தில் எழுநூறாவது மணியில் தெரிந்த பள்ளத்தில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டார். சபையில் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆயுத பூஜை என்றேன்.

கூடமே சிரித்தது. பின்வரிசையில் சலவைச் சட்டை போட்டு வந்திருந்த கலியமூர்த்தி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டது தன்னைத்தான் என்று நினைத்து எழுந்து நின்றார்: "தப்பு என்னுதுங்க ஐயா, பாப்பா மேல ஒண்ணும் இல்ல. மார்க்கக் கொறைக்கிறதுன்னா ஏங்கிட்ட கொறைச்சுக்குங்க."

இப்போது நான் வேலை பார்க்கும் தூரத்து ஊரில் இயந்திரங்கள் வருடம் முழுக்க நிற்காமல் ஓடுகின்றன என்பதால், ஆயுத பூஜையன்று அவை அத்தனைக்கும் சேர்த்து நானே லீவு போட்டுக்கொள்கிறேன்.