மீன், அமீன்

“மீனுக்கு மணம் இல்லை. ஆகவே X இற்கும் மணம் இல்லை. இல்லாத மணம் அமிலம் சேர்த்ததும் எப்படி இல்லாமல் போகும்? வினா பிழை.”

போன மாதம் ஒரு விடைத்தாளில் இதை வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். ‘வினா பிழை’ என்பதற்குக் கீழே கோடு வேறு!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் துணுக்காயில் நாங்கள் ஓர் இரசாயனவியல் வகுப்பு நடத்துகிறோம். தூரத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு ஹொஸ்டலும் உண்டு. ஹொஸ்டல் என்றதும் மாடிக் கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள்... தறப்பாள் கூரை, பாய்கள், பக்கத்தில் சமைக்க ஒரு குசினி. அதற்குள் எத்தனை பேரைத்தான் அடைப்பது? ஆகவே ஒரு சோதனை வைத்தோம். பாதி உப்புகளை இனங்காணும் பகுப்பு இரசாயனம், பாதி கரிமச் சேர்வைகள் பற்றிய சேதன இரசாயனம். நாற்பது புள்ளி எடுத்தால் இடம்.

அந்த வினா என் கைங்கரியம். X என்ற சேதனச் சேர்வை மீன் மணமுடையது. நீர் கலந்த ஐதான அமிலம் சேர்க்க மணம் நீங்குகிறது. X எவ்வகைச் சேர்வை, மணம் நீங்கக் காரணம் என்ன? முதலாவதற்கு இரண்டு புள்ளி, அடுத்ததற்கு மூன்று. விடையும் சுலபம் — அமீன். காரத்தன்மையுள்ள அமீன் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிவிடும், அந்த உப்புக்கு மணமில்லை. எத்தனையோ வருடமாக எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

எல்லாப் பிள்ளைகளும் அமீன் என்று எழுதியிருந்தார்கள், இந்த ஒருத்தியைத் தவிர. பெயர் யசிந்தா. ஊர் முள்ளிவாய்க்கால். மொத்தப் புள்ளி முப்பத்தெட்டு.

இரண்டு புள்ளிதானே, போகட்டும் என்கிறீர்களா? அவளுடைய பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை நான் லொறியில் தொற்றிக்கொண்டு போய், ஒரு மாதப் பாடத்தை ஒரே நாளில் கொட்டிவிட்டு வருவேன். அவ்வளவுதான். இந்த வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் கலைப்பிரிவுக்கு மாறிவிடச் சொல்லி அதிபர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பகுப்புப் பகுதியில் நன்றாகச் செய்திருந்தாள். எந்த உப்பு என்ன நிற வீழ்படிவு தரும் என்பதெல்லாம் அச்சொட்டாகச் சரி. அந்த நிறங்களில் ஒன்றையாவது அவள் கண்ணால் கண்டிருக்க மாட்டாள்... தடைப்பட்டியலில் ஏறிய இரசாயனப் பொருட்கள் இந்தப் பக்கம் வந்து எவ்வளவு காலம்!

என்னோடு சேர்ந்து பேப்பர் திருத்தியவர் செல்வராணி ரீச்சர். அவருடைய பெற்றோர் மலைநாட்டிலிருந்து வந்து வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். ரீச்சரின் சிவப்புப் பேனைக்கு இரக்கம் கிடையாது. விடையைப் பார்த்தார், பூச்சியம் போட்டார், தாளைப் புரட்டினார்.

நான்தான் புரட்ட விடவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. என் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — கத்தரிக்காயைப் பற்றியே மூன்று கிழமை எழுதியவன் நான். பிறவிச் சைவம். எங்கள் வீட்டில் முட்டை கூட ஏறியதில்லை. அப்படியென்றால்... மீன் எப்படி மணக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கொஞ்சம் தயங்கிவிட்டு ரீச்சரிடமே கேட்டேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப சேர், பதினைஞ்சு வருசமா எதை நினைச்சுக்கொண்டு மீன் மணம் எண்டு படிப்பிச்சனீங்கள்?”

நியாயமான கேள்வி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு நாள் அமீன் போத்தலைத் திறந்து முகர்ந்தேன். உடனே மூடிவிட்டு யன்னலடிக்கு ஓடினேன். ஓகோ, மீன் என்பது இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். சந்தையில் மீன்காரர் பக்கம் சைக்கிளை வேகமாக மிதிக்கும்போது அடிக்கும் காற்றும் அதை உறுதி செய்தது. அமீன் எப்படி மணக்கும் என்று பிள்ளைகள் மீனை வைத்து அறிந்துகொள்கிறார்கள். நானோ மீனை அமீனை வைத்து அறிந்துகொண்டவன். இதை எப்படித்தான் வாயில் வைக்கிறார்களோ என்று மீன் சாப்பிடும் நண்பர்கள்மேல் ஒருவித மரியாதை கூட எனக்கு இருந்தது!

ரீச்சர் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அவர் வளர்ந்தது குளத்து மீனில். அது சேறு மணக்குமாம். அப்படியானால் அவர் ஏன் பூச்சியம் போட்டார்? பரீட்சையில் வருவது புத்தகத்து மீன் என்றார். புத்தகத்து மீன் அமீன் மணக்கும். அதை எழுதாதவருக்குப் புள்ளி இல்லை. பட்டியலை அடுத்த கிழமைதான் ஒட்டப் போகிறோம் என்பதால், தாளைத் தனியாக எடுத்து வைக்க மட்டும் சம்மதித்தார்.

அந்தக் கிழமை நான் யசிந்தாவின் கடற்கரை ஊருக்கு மாத வகுப்புக்குப் போகிற முறை. வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். புள்ளி பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வினாவுக்கு ஏன் அப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மீன் மணக்காது சேர். மணந்தா அது பழுது. ஒருத்தரும் வாங்க மாட்டினம்.”

“எல்லாரும் அமீன் எண்டு எழுதியிருக்கினமே...”

“தெரியும் சேர். அமீனுக்கு மீன் மணம் எண்டு நீங்கள் தந்த குறிப்பிலை இருக்கு. ஆனா பொய்யை எப்பிடி எழுதுறது? அமீன் எண்டு எழுதாமல் விட்டிட்டு வீட்டை போய் அழுதனான்.”

விடை தெரிந்தும் எழுதாமல் வந்திருக்கிறாள்! புள்ளிக்காக எதையும் எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்தவன் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால் வள்ளங்கள் வந்திருந்தன. அவளுடைய தாய் அங்கே மீன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் கையளவு பாரை மீன் ஒன்றைத் தூக்கி என் மூக்கடியில் நீட்டிவிட்டார். மகள் பதறிப்போய், சேர் சைவம் என்று இடையில் விழுந்தாள்.

“மணந்து பாக்கிறதிலை சைவம் கெடாது பிள்ளை. நீங்கள் மணவுங்கோ சேர்.”

கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். அமீன் போத்தலை எதிர்பார்த்து மூச்சை அரைவாசியில் நிறுத்தியும் வைத்திருந்தேன். ஆனால் வந்தது உப்புத்தண்ணீர் மணம். ஈர மணல். கொஞ்சம் வெள்ளரிப்பிஞ்சு மாதிரியும் ஏதோ. இவ்வளவுதானா? மறுபடியும் முகர்ந்தேன். வள்ளத்தடியில் நின்றவர்கள் எல்லோரும், மீனை மணந்து மணந்து பார்க்கும் இந்த மனிதனை வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு தாய் ஒரு பழைய வாளியை இழுத்துவந்தார். நண்டுக்கு இரை வைக்க முதல்நாள் மீன்தலைகளைப் போட்டு வைத்த வாளி. மூடியைத் திறந்தார். அடுத்த கணம் நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நின்றேன்! அதே போத்தல். அதே நாற்றம்.

புத்தகத்தில் இருப்பது பொய்யில்லை. கடல்மீனின் உடம்பில் மணமற்ற ஒரு சேர்வை இருக்கிறது. மீன் செத்ததும் நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது அமீன். இதை நான் எப்போதோ படித்ததும்தான். ஆனால் படித்ததை மீனோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு மீன் தேவைப்பட்டிருக்கிறது. என் வினாவில் மீனுக்கு முன்னால் ‘பழுதான’ என்று ஒரு சொல் குறைந்துவிட்டது. அந்த ஒரு சொல் இல்லாததுதான் இந்தப் பிள்ளையை ஹொஸ்டலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

தாய் வாளியை மூடிவிட்டு, அதில் பட்டு நாறிய கையில் பாதித் தேசிக்காயைப் பிழிந்து, அந்தப் புளியைத் தேய்த்துக் கழுவினார். கையை என்னிடம் நீட்டினார். மணம் போயே போய்விட்டது. நான் யசிந்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாயின் கையைப் பார்த்தாள், தேசிக்காயைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

“சேர்... தேசிப்புளி அமிலம். அப்ப இது உப்பாப் போட்டுது, என்ன?”

ஓம் என்றேன். அவள் முகம் மலரும் என்று பார்த்தால், சுருங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் மீன் வெட்டிவிட்டுத் தேசிக்காயால்தானே கை கழுவுகிறேன், இதை ஏன் அன்றைக்கு யோசிக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தாய் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: இவளுக்கு இடம் கிடைக்குமா? தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

துணுக்காயில் செல்வராணி ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாரையும் வாளியும் தேசிக்காயும் வரிசையாக வந்தன. வினா பிழை என்று இரத்துச் செய்துவிடலாமா என்றும் கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரியாக எழுதி நாற்பதைத் தொட்ட பிள்ளைகள் அதனால் கீழே விழுவார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ரீச்சர் தாளை எடுத்து முன்னால் வைத்தார். குளத்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவர், இதற்குமுன் ஒருநாளும் கடல்மீனுக்காக இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். கடைசியில் பேனையைத் திறந்தார்.

“முதல் பகுதிக்கு ரெண்டு. பிழையைப் பிழையெண்டு காட்டினதுக்கு. ரெண்டாம் பகுதிக்குப் பூச்சியம்தான் சேர். தேசிக்காய் வந்தது சோதனை முடிஞ்ச பிறகுதானே.”

மூன்று புள்ளியையும் சேர்த்துக் கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. கேட்டால் அந்த இரண்டும் இரக்கப் புள்ளியாகிவிடும். முப்பத்தெட்டும் இரண்டும் நாற்பது. இருவரும் பக்கத்தில் கையெழுத்து வைத்தோம்.

யசிந்தா பாயும் ஒரு பையுமாக வந்து சேர்ந்து இரண்டு கிழமையாகிறது. வகுப்பில் முதல் வரிசை. கேள்வி கேட்டுக் கேட்டு எங்கள் உயிரை எடுக்கிறாள், சந்தோஷமாகத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹொஸ்டலில் விசேஷம் — மீன்குழம்பு! கடற்கரையிலிருந்து லொறியில் வந்த மீன். வெயிலில் அரைநாள் பயணம். எல்லோரும் அடித்துப் பிடித்துச் சாப்பிட, யசிந்தா மட்டும் மீன் துண்டைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு வெறும் சோறு சாப்பிட்டாள். பார்த்துவிட்டார் செல்வராணி ரீச்சர். மீன் பிடிக்காதா என்று கேட்டார்.

“பிடிக்கும் ரீச்சர். சேதனத்துக்கு முன்னாலை ‘அ’ போட்டா சேதனம் இல்லை, அசேதனம் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். அப்பிடித்தான் இதுவும். இது மீன் இல்லை... அமீன்.”

பக்கத்து வாங்கில் பருப்போடு இருந்த எனக்குப் புரைக்கேறிவிட்டது. ரீச்சர் சிரிக்கவில்லை. திருத்தும் முகத்தோடு, அப்படியானால் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். யசிந்தா எழும்பிக் குசினிக்குப் போனாள். பாதித் தேசிக்காயோடு வந்தாள். மீன்மேல் பிழிந்தாள். குனிந்து மணந்து பார்த்தாள்.

“இப்ப உப்பு, ரீச்சர்.”

சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். நாங்கள் கொடுக்காமல் விட்ட மூன்று புள்ளியும் அவள் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தன.